முகம் சுளித்தவர்

பதினெட்டு நாளாக ஏற்றிய மயக்க மருந்தை நிறுத்தி மூன்று நாளாகியும் லேத் பட்டறைக்காரரின் கைகால் அசையவில்லை. ரத்தத்தில் பரவிய கிருமித் தொற்று அடங்கிவிட்டது. ஆனால் தொண்டையில் செருகிய குழாய் வழியே இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவருக்கு எல்லாம் கேட்டது. அதுதான் கொடுமை. "விரலை அசைங்க சார்" என்று நர்ஸ் காதருகே கத்தும்போதெல்லாம் உயிரைக் கொடுத்து முயல்வார். முப்பது வருஷம் இரும்பைக் கடைந்த கை, யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் போலப் போர்வைமேல் கிடந்தது.

அன்று காலை டியூட்டி டாக்டர் அவர் கால்மாட்டிலேயே நின்று மனைவியிடம் சொன்னார்: "சொன்னதைச் செய்ய மாட்டேங்கிறார்மா. மூளையில பாதிப்பு இருக்கலாம். மனசைத் தேத்திக்குங்க."

"கல்யாணமான நாள்லேருந்து அவர் நான் சொன்னதைச் செஞ்சதே இல்ல டாக்டர்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் உடைந்து அழுதாள்.

'அடியே, நான் இங்கேதான் இருக்கேன்!' என்று அலறினார். சத்தம் நெஞ்சைத் தாண்டவில்லை.

மதியம் நரம்பு டாக்டரம்மா வந்தார். பேனாவை அவர் நகத்தில் வைத்து அழுத்தினார். உயிர் போகிற வலி. கை நகரவில்லை.

"முகத்தைப் பார்த்தீங்களா? எப்படிச் சுளிக்கிறார்! வலி மூளைக்குப் போகுது. கைக்குத்தான் உத்தரவு வந்து சேரல." குனிந்தார். "ஐயா, நான் பேசறது புரிஞ்சா ரெண்டு தடவை கண்ணை மூடித் திறங்க."

மூடித் திறந்தார். மறுபடி மூடித் திறந்தார். இத்தனை நாளும் எல்லோரும் கையைத்தான் கேட்டார்கள். கண்ணை யாரும் கேட்கவில்லை.

மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வயர்களை ஒட்டி மின்சாரம் பாய்ச்சினார்கள். சுள்ளென்றது. மலைபோல் எழவேண்டிய கோடு, திரையில் சின்ன மேடாக எழுந்து படுத்துக்கொண்டது.

"கடுமையான நோய்ல நரம்பு நொந்துபோச்சும்மா. மூளை நல்லாத்தான் இருக்கு. மாசக்கணக்காகும், முழுசா சரியாகுமான்னு இப்ப சொல்ல முடியாது."

மனைவி அவர் முகத்தருகே வந்தாள். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா கிடந்தீங்க?"

இரண்டு முறை.

"முந்தாநாள் உங்க தங்கச்சியைத் திட்டினேனே, அதையுமா?"

இரண்டு முறை. அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

குழாயை எடுக்க இன்னும் இருபத்தாறு நாள் ஆயிற்று. அதுவரை அதே கட்டில், அதே கூரை. ஐந்தாம் மாதம் கரண்டி பிடித்தார். இடது பாதம் இன்றும் தரையில் இழுபடுகிறது.