வாயைப் பார்ப்பவர்

மருந்துக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் பிரிவுக்குப் புதிதாக வந்தவருக்குப் பெண்கள் நாங்கள் வைத்த பெயர் முழியன். யார் பேசினாலும் கிட்டே வந்து, கண் கொட்டாமல் வாயையே பார்ப்பார். உடம்பெல்லாம் கூசும். நான்தான் மேனேஜரிடம் புகார் சொன்னேன். என் முன்னாலேயே அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"காது சுத்தமா போயிடுச்சு சார். உதடு அசையறதப் பாத்தாதான் எனக்குப் புரியும். சொன்னா வேலைக்கு எடுக்க மாட்டீங்களேன்னு மறைச்சிட்டேன்" என்றார்.

வேலை போகவில்லை, குடோனுக்கு மாற்றினார்கள். மறுநாள் மனசு கேட்காமல் அங்கே போனேன்.

"அண்ணே, தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

என்னைக் கண்டதுமே அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசிவரை அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவே இல்லை.