மூன்று நூலுக்கும் மூன்றரை நூலுக்கும் இடையில்

பட்டறையில் அவருக்குக் கண்ணளவு என்று பெயர். அளவுகோலைத் தொடாமல் ஒரு போல்ட்டைப் பார்த்தே, "மூணு நூல்" என்று சொல்லிவிடுவார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். அவர் சொன்னது ஒருநாளும் பிசகியதில்லை. தலைக்குள் இரத்தம் கட்டிப் படுத்து எழுந்தபின் பேச்சு திரும்பியது. வலக்கையும் ஏறத்தாழத் திரும்பியது. எண்கள் மட்டும் திரும்பவில்லை.

"நாலுல ஒண்ணு பெருசா, எட்டுல ஒண்ணு பெருசா?" என்று மனைவி கேட்டாள்.

"எட்டுதான். இதுல என்னடி சந்தேகம்?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துளையிடும் இயந்திரத்தில் அவருடைய இடத்தை மேஸ்திரி யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ஒரு துளையைச் சரியாகப் போட்டுக் காட்டினால் அது அவருக்கு. தவறினால் வேறு ஆளுக்கு. அந்த இயந்திரத்தின் முன் நிற்காத கணவரை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆகவே காகித நாடா ஒன்றை வெட்டி அவர் கையில் கொடுத்தாள். ஒருமுறை மடித்தால் பாதி. மறுமுறை மடித்தால் அதே பாதி, நாலில் இரண்டு. இன்னொருமுறை மடித்தால் எட்டில் நான்கு.

"துண்டுதான் கூடுது. இடம் அதேதான், பாத்தீங்களா?"

"நீ டீச்சராப் போயிருக்கணும்."

"போயிருந்தா உங்களைத்தான் முதல்ல பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்."

எதுவரை மடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் கிடந்த அவருடைய பெட்டியைத் திறந்து, துளை போடும் டிரில் பிட்டுகளில் பொறித்திருந்த எண்களைப் படித்தாள். எல்லாம் எட்டிலும் பதினாறிலும் முடிந்தன. அவளும் பதினாறோடு நிறுத்திக்கொண்டாள்.

அவர் தேறினார். "எட்டுல மூணுன்னா பதினாறுல ஆறு. அதுக்கு அடுத்தது ஏழு." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குத் தேறினார்.

பட்டறையில் மேஸ்திரி அவளுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க அண்ணி." பிறகு இரும்புத் தகடு ஒன்றை இயந்திரத்தில் இறுக்கினார். "மூணு நூல் போல்ட்டு அண்ணே. உரசாம இறங்கணும், உள்ள ஆடவும் கூடாது. பிட்டு போல்ட்ட விட ஒரே ஒரு அளவு மேல. நீங்களே எடுங்க."

பிட்டுகள் அளவு வரிசையில் நின்றன. அவருடைய உதடுகள் அசைந்தன. அப்போதுதான் அவள் அதைக் கண்டாள். எட்டில் மூன்றுக்கும் பதினாறில் ஏழுக்கும் நடுவே ஒரு பிட் நின்றது: முப்பத்திரண்டில் பதின்மூன்று. மனத்துக்குள் நாடாவை இன்னொருமுறை மடித்துப் பார்த்தாள். ஆறு பன்னிரண்டானது, ஏழு பதினான்கானது. நடுவில் அவள் சொல்லித்தராத பதின்மூன்று.

அவருடைய விரல்கள் அதன்மேல் ஒரு கணம் நின்றன. அறிமுகமில்லாத வீட்டு வாசலைக் கடப்பதுபோல அதைக் கடந்து, பதினாறில் ஏழை எடுத்தன. அவள் வாயைத் திறந்தாள். மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டாள்.

கை நடுங்கவில்லை. துளை நேராகவும் சுத்தமாகவும் விழுந்தது. மேஸ்திரி போல்ட்டை உள்ளே விட்டார். அது தொப்பென்று இறங்கி லொடலொடவென்று ஆடியது.

"கண்ணளவு இல்ல, கிணத்தளவு!" என்றான் பின்னால் நின்ற வெல்டர்.

"வாய மூடுடா!" என்று மேஸ்திரி சீறினார். ஆனால் போல்ட்டை ஆட்டிப் பார்ப்பதை அவராலும் நிறுத்த முடியவில்லை.

"எட்டுல மூணு, பதினாறுல ஆறு. அடுத்தது ஏழு. கணக்கு சரிதானே மேஸ்திரி?"

"கணக்குல தப்பில்ல அண்ணே."

"அப்புறம் ஏன் ஆடுது?"

மேஸ்திரி இயந்திரத்திலிருந்து தகட்டைக் கழற்றத் தொடங்கினார்.

வெளியே, நடைபாதை ஓரத்தில் அவரை உட்காரவைத்து அவள் உண்மையைச் சொன்னாள். "ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல இன்னொண்ணு இருக்குங்க. நான்தான் சொல்லித் தரல. எனக்கே தெரியாது."

அவர் நிமிர்ந்தார். "அப்போ அதுக்கும் ஏழுக்கும் நடுவுல?"

"அங்கயும் ஒண்ணு இருக்கும்."

"அதுக்கு நடுவுல?"

அங்கேயும் உண்டு என்று அவள் தலையசைத்தாள்.

"அப்போ இது எங்கயும் போய் நிக்காது," என்றார். "வேணாம்டி. இனிமே சொல்லித் தராத."

உள்ளே இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதை ஓட்டுவது யார் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.