பூஜ்ஜிய ஆண்டு இல்லாத சுருள்

தடால்! சபைக் கூடத்துச் சுவரிலிருந்து பன்னிரண்டடிக் காகிதச் சுருள் கழன்று விழுந்தது. தையல்காரம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவள் படிக்கும் வேதாகம வகுப்பில் ஆளுக்கொரு காலவரிசைச் சுருள் செய்வதுதான் கடைசித் தேர்வு; விழுந்தது அவளுடையது. மேலே வேதாகமச் சம்பவங்கள், கீழே அதே காலத்து உலக சரித்திரம், ஆண்டுக்கொரு கோடு. முதலிடம் பெறும் சுருள் கூடத்திலேயே நிரந்தரமாகத் தொங்கும்.

"குண்டூசி தாங்காதுன்னு அப்பவே சொன்னேனே!" என்று அவள் அண்ணன் ஓடிவந்து ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தான்.

ஆசிரியர் குனிந்து கோடுகளை எண்ணினார். கி.மு.வும் கி.பி.யும் சேரும் இடத்தில் விரல் நின்றது.

"மத்தவங்க எல்லாரும் இங்க ஒரு பூஜ்ஜிய ஆண்டு போட்டிருக்காங்க. நீங்க ஏம்மா போடல?"

"அப்படி ஒரு ஆண்டே கிடையாதே சார். கி.மு. ஒண்ணு முடிஞ்சா கி.பி. ஒண்ணுதான். ரெண்டு துணியை இணைக்கிற இடத்துல மூணாவது துணி எதுக்கு?"

ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "முதலிடம் உங்களுக்குத்தான்."

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினான். "இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க சார். நான் படிக்கணும்னு எட்டாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ இவ!"