துண்டுக்குள் எரிந்த விரல்கள்

மாட்டுத் தரகில் தங்கமுத்து தோற்றதற்கு அவன் வாய் காரணமல்ல. வாய் நன்றாகத்தான் பொய் சொல்லும், காட்டிக்கொடுப்பது விரல்கள். அந்தச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இரண்டு தரகர்கள் கைகோத்து, மேலே துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள், ஒரு விரல் என்றால் ஓர் ஆயிரம். படியுமுன் கையை உருவினால் பேரம் முறிந்தது. ஒரு மாட்டின்மேல் ஆசை வந்துவிட்டால் தங்கமுத்துவின் விரல்கள் பிரிட்ஜில் வைத்த வெண்டைக்காயாகிவிடும். எதிர்த் தரகர் ஆண்டி அந்தக் குளிர்ச்சியைத் தொட்டதுமே, இவன் எப்படியும் வாங்குவான் என்று விலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

இந்த முறை வெண்ணந்தூர் ராமாயிக்குக் கறவை மாடு பார்க்க வேண்டும். அவளுக்குப் பிடித்த செவலையை விற்க வந்திருப்பது ஆண்டிதான். முன்பே இரண்டு மாட்டைக் கோட்டை விட்டவன் இதையும் விட்டால், இனி ஆண்டியையே கூப்பிட்டுக்கொள்வதாக அவள் சொல்லிவிட்டாள். ராமாயி போனால் அவள் தெருவும் பின்னாலேயே போகும்.

நாமக்கல்லில் பிசியோதெரபி படிக்கும் அக்கா மகள் நர்மதாவிடம் போனில் புலம்பினான். அவள் சிரித்து ஓய்ந்த பிறகே விளக்கினாள். விரலுக்குள் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. பதைப்பு வந்தால் ஒரு நரம்பு அவற்றை இறுக்கும், விரல் சில்லிடும். சூட்டையும் எரிச்சலையும் உணர்கிற நரம்பு வேறு. அதைச் சீண்டினால் மூளைக்குச் சேதி அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காது, அங்கேயே ஏதோ ஒன்றைச் சுரந்து குழாயைத் திறந்துவிடும்.

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊட்டுக்காரங்க மாதிரிங்க மாமா. ஒண்ணு பேசுனா இன்னொண்ணோட வாயை அடைக்கப் பார்க்கும்."

"கடைசில எது செயிக்கும் கண்ணு?"

"எதோட சத்தம் பெருசோ அதுதானுங்க."

மிளகாய் அரைத்தால் கை சிவப்பதை அவள் உதாரணமாகச் சொன்னாள். தங்கமுத்து அதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டான்.

சந்தைக்குப் போன காலையில் நாலைந்து பச்சை மிளகாயைக் கிள்ளி விரலிடுக்குகளில் தேய்த்தான். துண்டுக்குள் கை நுழைந்ததும் ஆண்டியின் புருவம் ஏறியது. இந்தக் கை இத்தனை சூடாக இருந்ததே இல்லை. பயல் வேறெங்கோ மாடு முடித்துவிட்டு ஒப்புக்கு வந்திருக்கிறான் என்று கணக்குப் போட்டு ஒரு விரலை விட்டுக்கொடுத்தார்.

சற்றுத் தள்ளி ராமாயி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் தங்கமுத்துவின் நெஞ்சு வழக்கம்போல் அடித்துக்கொண்டது. விரல் மட்டும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மிளகாயின் சத்தம்தான் பெரிது.

கொஞ்ச நேரத்தில் ஆண்டி நெளிய ஆரம்பித்தார்.

"ஏனுங், காய்ச்சலா?"

"இல்லீங்க. மனசு லேசா இருக்குது, அதான்."

மனசு லேசானவனின் கண்ணில் நீர் கோத்திருந்தது. ஆண்டிக்கும் இப்போது விரலிடுக்கு பற்றி எரிந்தது. உருவினால் பேரம் போகும், வைத்திருந்தால் கை போகும். இன்னும் ஒரு விரலை விட்டுக்கொடுத்து, முடிந்தது என்று துண்டை வீசியெறிந்துவிட்டுக் கையைத் தொட்டித் தண்ணீரில் முக்கினார். நனைந்த கையை முகர்ந்தும் பார்த்தார்.

தங்கமுத்து பெருமையோடு மாட்டின் கயிற்றைப் பிடித்தான். செவலை பாசமாக அவன் உள்ளங்கையை ஒரு நக்கு நக்கியது. மறுநொடி தும்மிக்கொண்டு சந்தையின் மறுகோடிவரை அவனை இழுத்துப் போனது. மிளகாய் வாசம் பிடிபட்டும் ஆண்டி அவனைத் துரத்தவில்லை. படிந்த விலை படிந்ததுதான். சந்தையில் அதற்கு மறுபேச்சில்லை.

மூச்சிரைக்க வந்து கயிற்றை வாங்கிய ராமாயி அவன் கையைப் பார்த்தாள், மாட்டின் மூக்கைப் பார்த்தாள். அடுத்த மாட்டுக்கும் அவனையே கூப்பிடுவதாகச் சொன்னாள்.

"ஆனா ஒண்ணு தங்கமுத்து, பால் கறந்து காட்டுறேன்னு மட்டும் மடிப் பக்கம் வந்தராதீங்க."