அவரவர் செலவு

பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த தெய்வநாயகியின் கை, வாசலில் எழுந்த பேச்சைக் கேட்டு நின்றது.

"கெணத்துக்குத்தானுங்க போகோணும்? கூப்புடு தூரத்துல தண்ணிய வெச்சுக்கிட்டு ஆத்துக்கு எதுக்கு நடக்கறது?" என்றார் பக்கத்துத் தோட்டத்துச் சடையன்.

"அந்தத் தண்ணி அவருக்கு வேண்டாம். குடிச்சது போதும்," என்றாள் அம்மா முத்தாயம்மாள், புருஷனின் தலைமாட்டை விட்டு நகராமல். "காவேரியில இருந்து கொண்டாங்க."

காளியண்ணன் விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். ஆண்பிள்ளை இல்லை, தெய்வநாயகி ஒரே மகள். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருவதும், கொள்ளி வைப்பதும் உடன்பிறந்த தம்பியின் முறை. தம்பி சென்னிமலை செய்தி கேட்டவுடனே வந்துவிட்டார். ஆனால் கிணற்று மேட்டுக்கு அந்தப் பக்கம், வேலிக்கு வெளியிலேயே நின்றார். வேலியைத் தாண்டக் கூடாது என்று சென்னை ஹைகோர்ட்டு அவருக்குத் தடை போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"ஏனுங்க சென்னிமலை, கோர்ட்டு அமீனாவக் கேட்டுட்டுத்தான் உள்ள வருவீங்களா?" என்று சடையன் குரல் கொடுத்தார். இரண்டு பேர் சிரித்துவிட்டு, உடனே துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நிலத்தைச் சாண் சாணாக அளந்து எழுதியவர்கள், கிணறு யாருக்கு எத்தனை நாள் என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள். நாமக்கல் முன்சீப் கோர்ட்டில், தெய்வநாயகி ஐயன் என்று கூப்பிடும் அப்பா ஜெயித்தார். சேலத்து அப்பீலில் சித்தப்பா சென்னிமலை ஜெயித்தார். ஜெயித்த கையோடு அவரே வீடேறி வந்தார்.

"வாரத்துல நாலு நாள் உங்களுக்கு, மூணு நாள் எனக்கு. ராசியாப் போயிரலாமுங்கண்ணா. ரெண்டு பேரு காட்டையும் வக்கீலுதான் உளுதுட்டு இருக்கறான்."

ஐயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

தெய்வநாயகியின் புருஷன் கந்தவேல் பினாங்கில் ஒரு வெள்ளைக்கார வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தான். அங்கே வழக்குக்கு என்ன செலவாகும் என்று ஐயன் கேட்டு எழுதச் சொல்லியிருந்தார். பதில் அன்றைக்குத்தான் வந்தது. ஐயனுக்கு எழுத்துத் தெரியாது. அவள் படித்தாள்.

'இங்கே ஸ்டாம்புச் செலவு குறைவு. நம் ஊரைப்போல் சொத்து மதிப்போடு சேர்ந்து ஏறுவதில்லை. தோற்றவன், ஜெயித்தவனுடைய வக்கீல் கூலியையும் கட்ட வேண்டும். லண்டனிலும் அதுதான் முறையாம்.'

அங்கே நிறுத்திக் காகிதத்தை மடித்தாள்.

"அவ்வளவுதானா சாமி?" என்றார் ஐயன்.

"அவ்வளவுதானுங்கய்யா."

மடிப்புக்குள் இன்னும் நாலு வரி இருந்தது. 'ஆனால் எந்தத் தேசத்திலும் போட்ட காசு முழுசாகத் திரும்புவதில்லை. பாதி வந்தால் அதிகம். நம் ஊரில் அதுவும் ஜட்ஜின் இஷ்டம். மாமாவை ராசிக்குப் போகச் சொல்.'

அன்று காலையில் சந்தையில் சித்தப்பாவின் பெண்டாட்டி அங்கம்மாள் பத்துப் பேர் காதுபடச் சொல்லியிருந்தாள்: "கப்பலேறிப் போனவன் கடுதாசி அனுப்புவான். புள்ளையா அனுப்புவான்?"

அங்கம்மாள் தோற்க வேண்டும். அதற்குமேல் அன்றைக்குத் தெய்வநாயகி எதையும் யோசிக்கவில்லை.

ஜெயித்தால் போட்ட காசு திரும்பிவிடும் என்று நம்பி, ஹைகோர்ட்டு அப்பீலுக்காக ஐயன் ஆற்றோரத்து நாலு ஏக்கரை விற்றார். நெல் விலை விழுந்து கிடந்த வருஷம். பாதி விலைக்குத்தான் போயிற்று. சென்னையில் ஜெயித்தார். கிணறு முழுக்க அவருக்கே. தீர்ப்பின் கடைசி வரியை வக்கீல் குமாஸ்தா படித்துக் காட்டினான்: செலவு அவரவர் பொறுப்பு. ஐயன் அதை மூன்று தரம் படிக்கச் சொன்னாராம். வக்கீல் பாக்கிக்கு மீதி நிலமும் போயிற்று. வீடும் கிணறும் மிஞ்சின. அந்தப் பக்கம் சித்தப்பாவும் மாட்டை விற்றுவிட்டு, குமாரபாளையத்தில் மூட்டை தூக்கப் போனார்.

ஐயன் ஒரு நாளும் அவளைக் குறை சொன்னதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே எப்போதாவது கேட்பார், "பினாங்கா இருந்திருந்தா அத்தனையும் திரும்பி வந்திருக்கும், இல்ல அம்முணி?"

"ஆமாங்கய்யா" என்பாள். அப்படி எத்தனை தடவை சொன்னாளோ.

தெய்வநாயகி குடத்தை அலசி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"எங்கடி போற?" என்றாள் அம்மா.

அவள் நிற்கவில்லை. வேலியருகே போனதும் சித்தப்பா அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். மூட்டை தூக்கி ஒரு தோள் இறங்கியிருந்தது.

"வாங்க சித்தப்பா. நீங்கதான் எடுக்கோணும்."

"தடை இருக்குது கண்ணு. எங்கண்ணன் இருந்ததையெல்லாம் வித்து வாங்குன தடை. அத நான் மிதிச்சா அவருக்கு என்ன மிச்சம்?"

குடத்தைக் கீழே வைத்தாள். ஐயன் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறார், சொல்வதானால் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நீங்க ராசி பேச வந்தீங்கல்ல, அன்னிக்கு அவரு எழுதுன கடுதாசியில ராசிக்குப் போகச் சொல்லித்தான் இருந்துச்சு. நான் அத ஐயனுக்குப் படிக்கலீங்க."

பறைக்காரர்கள் சுள்ளி மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை வேலிப்பக்கம் வந்து கலைந்தது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அவர் அண்ணன் கிடந்த வீட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு, "உம்புருசன் வெவரமானவந்தான்," என்றார்.

தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். குடத்தைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டினார். சடையன் எழுந்து வழி விட்டார். அம்மா தலைமாட்டில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாள். சுவரில் தொங்கிய கயிற்றை எடுத்துக்கொண்டு தெய்வநாயகி பின்னால் போனாள்.

சித்தப்பா கயிற்றை வாங்கிக் குடத்தின் கழுத்தில் சுருக்குப் போட்டார். மேட்டில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். மாடு பூட்டி இறைக்க நிலம் இல்லாமல், தண்ணீர் மேல்படி வரைக்கும் ஏறி நின்றது.

சுருக்கை அவிழ்த்துக் கயிற்றை ஓரமாக வைத்தார். படியில் உட்கார்ந்து, குனிந்து, கையாலேயே குடத்தை முக்கினார்.