பாதிச் சவரம்

முடிதிருத்தும் கடைக்காரர் இரட்சிக்கப்பட்டதிலிருந்து அந்தத் தெருவில் தாடிகள் பெருகிவிட்டன.

முன்பு அவர் பெரிய கோபக்காரர். நாற்காலியில் உட்கார்ந்தவர் கொஞ்சம் தலையை ஆட்டினால் போதும், மண்டையில் ஒரு தட்டு விழும். மனைவியிடம் மட்டும் அவர் கோபம் செல்லாது. அவள் பதிலே பேசாமல் ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கிளம்பிவிடுவாள். பதில் பேசாதவளோடு எப்படிச் சண்டை போடுவது?

கால் ஒடிந்து படுத்திருந்த போதகருக்குச் சவரம் செய்துவிட்டு வரும்படி அவரை அனுப்பியதும் அவள்தான். பிரசங்கம் கேட்கத் தயாராகப் போனார். போதகரோ மழையைப் பற்றிப் பேசினார், மாவுக்கட்டுக்குள் அரிப்பதைப் பற்றிப் பேசினார், கடவுளைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு கன்னம் முடிந்ததும் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பார்த்தால் திருந்துகிற ஆளாகவே தெரியவில்லையா என்று கேட்டுவிட்டார். நீங்களாகக் கேட்கட்டும் என்றுதான் காத்திருந்தேன் என்றார் போதகர்.

பிறகு நடந்ததை அவர் யாரிடமும் கோர்வையாகச் சொன்னதில்லை. கத்தியை மடித்து வைத்துவிட்டுக் கட்டிலருகே முழங்கால் போட்டாராம். தட்டிய மண்டைகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாராம். இயேசுவே, என் பாவத்தை எடுத்துக்கொண்டு என்னை உம்முடையவனாக்கும் என்றாராம். முகம் பளிச்சென்று இருக்க வீடு வந்து சேர்ந்தார். போதகரின் மறு கன்னம் நுரையோடு காய்ந்துகொண்டிருப்பது அதன்பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இவ்வளவு நல்ல செய்தியை மனதுக்குள் பூட்டிவைக்க அவரால் முடியவில்லை. மறுநாளே கடையில் ஆரம்பித்தார். நுரை தடவும்போது பாவம். கன்னத்தில் கத்தி இறங்கும்போது சிலுவை. தாடையை உயர்த்தித் தொண்டைக்குழிக்கு வந்ததும், இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்பார். கத்திக்குக் கீழே கிடக்கிற மனிதன் என்ன சொல்வான்? "ம்" என்பான். அதையும் அசையாமல்தான் சொல்வான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொல்வார். வங்கிக்காரர் ஏற்றுக்கொண்டுவிட்டார், பேருந்து ஓட்டுநர் ஏற்றுக்கொண்டுவிட்டார், தையல்காரர் போன வாரம் ஒரு தடவை, இந்த வாரம் ஒரு தடவை. கூட்டம் தாங்காது என்று சபையில் சொல்லி, கூடுதலாக ஒரு பெஞ்சு போடவைத்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தது தையல்காரர் ஒருவர்தான். கடையில் மறந்துவிட்டுப் போன குடையைக் கேட்க வந்திருந்தார்.

கடையில் இரண்டாவது நாற்காலி மனைவியின் தம்பியுடையது. காதுக்குக் கீழே விரல் நீளத்துக்கு முடி வளர்த்திருந்ததால் அவனுக்குக் கிருதா என்றே பெயர். சனிக்கிழமை கடை சாத்தியதும் மச்சானும் அவனும் ஒருவருக்கொருவர் சவரம் செய்துகொள்வது வழக்கம். மச்சான் பிரசங்கிக்கத் தொடங்கிய வாரமே அவன் அதிலிருந்து கழன்றுகொண்டான். கிருதா இறங்கி, தாடையைச் சுற்றி வளைத்து, அடர்ந்த தாடியாகிவிட்டது. சவரக்கடையில் தாடிக்காரன் நின்றால் எவன் உள்ளே வருவான் என்று அக்கா திட்டினாள்.

"அசிங்கமா இருந்தா இருக்கட்டும்க்கா. கழுத்து பத்திரமா இருக்குல்ல," என்றான்.

கடைக்காரர் யாருக்காக அதிகம் ஜெபித்தாரோ, அவன்தான் கிருதா. அந்த வீட்டில் பிள்ளை இல்லை. மகனோ மைத்துனனோ, எல்லாம் அவன் ஒருவனே. அவன்தான் ஒருநாள், ஈ ஓட்டி ஓட்டிக் கை ஓய்ந்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து முக்கில் இருக்கும் புதுக் கடைக்குப் போகிறேன் என்றான். கடைக்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவன் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். காது கொடுத்துக் கேட்காமலே போய்விடுவானே என்பதுதான் அவரைக் குடைந்தது.

"ஊரே சரின்னு சொல்லுது. இவன் மட்டும் நாற்காலியிலயே உக்கார மாட்டேங்கிறான்," என்றார் மனைவியிடம்.

"ஏங்க, தொண்டையில கத்திய வச்சுக்கிட்டு, நீ எருமைதானேன்னு கேட்டாலும் ம்னுதான் சொல்வாங்க," என்றாள் அவள். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தபடியே கேட்டாள்: "போதகர் உங்களுக்குச் சொன்னப்போ கத்தி யார் கையில இருந்துச்சு?"

"என் கையில," என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர்க் குவளையைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

சனிக்கிழமை வந்தது. கிருதா தன் சீப்புகளையும் கத்தரிகளையும் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். கடைக்காரர் அவனுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்து, துணியைத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்தார்.

"கடைசியா ஒரு தடவை பண்ணிவிடு மாப்ள."

கிருதா சந்தேகத்தோடு பார்த்தான். "இன்னைக்குக் கத்தி என் கையில. ஞாபகம் இருக்கட்டும் மச்சான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நுரை ஏறியது. ஒரு கன்னம் முடிந்தது, மறு கன்னம் முடிந்தது. அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. பேச்சை விட அந்த அமைதிதான் கிருதாவைப் படுத்தியது. தொண்டைக்குக் கத்தி வந்தபோது அவனால் அடக்க முடியவில்லை.

"என்ன, எனக்கு மட்டும் பிரசங்கம் கிடையாதா?"

"சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. பிடிக்கலன்னா நிறுத்தச் சொல்வேன்."

"நிறுத்திடுறேன்." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "நான் தலைகீழாச் சொல்லிட்டு இருந்திருக்கேன் மாப்ள. இயேசு கத்தியோட வரல. கத்தி நம்ம கையிலதான் இருந்துச்சு. அவர் இப்படித்தான் வந்து கழுத்தக் குடுத்தார். நாம செய்யறதச் செஞ்சோம். அதுக்கப்புறமும் எழுந்து வந்து, மன்னிச்சுட்டேன், என்கூட வான்னு கூப்பிடுறார். அவ்வளவுதான்."

கத்தி நின்றது. "நான் வரலன்னா?"

"அப்பவும் நீ என் மாப்ளதான். அவரும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பார்."

கிருதா மிச்சத்தை முடித்து, அவர் முகத்தைத் துடைத்துவிட்டான். துண்டை உதறினான், மடித்தான், மறுபடி உதறினான். பிறகு மச்சானுடைய நாற்காலியில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தான்.

"தாடி அரிக்குது. எடுத்து விடுங்க. பேச்சு கூடாது."

கடைக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு வேலை செய்தார். ஒரு பக்கம் தாடி விழுந்து, பழைய பையன் முகம் பாதி வெளியே வந்தது. அப்போதுதான் கிருதா அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மச்சான், கத்திய அந்தப் பக்கம் வச்சுட்டு வாங்க. அந்தக் கேள்வியக் கேளுங்க."

அவர் கத்தியை மடித்து இழுப்பறைக்குள் போட்டார். கேட்டார். கிருதா மற்றவர்களைப் போல "ம்" சொல்லவில்லை. வருகிறேன் என்று இயேசுவிடம் எப்படிச் சொல்வது, தனக்குத் தெரியாதே என்றான். எனக்கும் தெரியாமல்தான் சொன்னேன் என்று சொல்லி, அவர் அவன் பக்கத்தில் முழங்கால் போட்டார். சாப்பிடக் கூப்பிட வந்த அக்கா, பாதித் தாடியும் ஒழுகும் நுரையுமாகத் தலை குனிந்திருந்த தம்பியைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

கதவை மூட மறந்துவிட்டாள். அந்த வழியாகப் போன தையல்காரர் எட்டிப் பார்த்தார். கிருதா திங்கட்கிழமை சொன்னபடியே புதுக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள், அவர் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். பழைய கடையில் இப்போது தொண்டையில் கத்தி வைப்பதில்லையாம். ஆனால் சரி என்று சொல்கிறவரைக்கும் மறு கன்னத்துக்குச் சவரம் செய்ய மாட்டார்களாம்.