பந்துக்காரத் தம்பி சாப்பிட்டாரா?

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், கடைசி லயத்தின் கடைசி வீட்டில் அம்மாக்கண்ணு தனியாக இருந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. இன்னமும் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் காலமாகி ரொம்ப நாளாகிறது. ஒரே மகன் வினோஜன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் சமையல்கட்டு வேலையில் இருந்தான்.

தீபாவளிக்கு வந்த வினோஜன் அம்மாவுக்கு ஒரு போன் வாங்கி வந்தான். 'அம்மாக்கண்ணு பூண்டுலோயா' என்று அவள் பேரிலேயே ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தான். படமும் வீடியோவும் வரவேண்டுமென்றால் யாரையாவது பின்தொடர வேண்டும். திரையில் முதலில் வந்து நின்ற பேர்களையெல்லாம் யோசிக்காமல் தட்டிவிட்டான். முதலில் வந்து நிற்பவர்கள் உலகத்திலேயே பெரிய கூட்டத்தை வைத்திருப்பவர்கள்தானே. ஒரு பந்தாட்டக்காரர், ஒரு வெள்ளைக்காரப் பாடகி, ஒரு சென்னை நடிகை, காலில் போடுகிற சப்பாத்து செய்யும் ஒரு பெரிய கம்பெனி என்று அம்மாக்கண்ணுவுக்கு ஒரே நாளில் புதுசாக நாலு பழக்கம் ஏற்பட்டது.

எழுத்துக் கூட்டித்தான் அவளுக்குப் படிக்க வரும். எழுதுவது அதைவிடச் சிரமம். அதனால் வினோஜன் மைக் பொத்தானைக் காட்டிக்கொடுத்தான். "இத அமுக்கிக்கிட்டுப் பேசுங்கம்மா. அதுவே எழுதிக்கும்." சொந்தக்காரர் யாருக்காவது செய்தி அனுப்ப என்று நினைத்துத்தான் அவன் சொன்னான். அவளோ மறுநாள் காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே, முட்டையும் ரொட்டியும் முன்னால் வைத்துக்கொண்டு சிரிக்கிற பந்தாட்டக்காரரின் படத்தைப் பார்த்தாள். படத்துக்குக் கீழே இருந்த மைக்கை அமுக்கினாள்.

"சாப்டியாய்யா? ஆறிப்போறதுக்குள்ள சாப்புடு."

போன் அதை 'சாப்பிட்டியா ஐயா' என்று எழுதிக்கொண்டது. அதுவும் மரியாதையாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அது தினசரி வேலையாகிவிட்டது. பாடகி மேடையில் கண் கலங்கினால், "அழுவாதம்மா, முகம் கழுவிட்டுப் படு" என்பாள். சென்னை நடிகை விமான நிலையத்தில் கறுப்புக் கண்ணாடியோடு நடந்தால், "சாப்டியாம்மா? எங்க போற, பாத்துப் போ" என்பாள். சப்பாத்துக் கம்பெனி புதுச் சப்பாத்து ஒன்றைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினால், பஜாரில் தெரிந்த கடைக்காரரிடம் கேட்கிற மாதிரி, "யாவாரம் எப்படிப் போவுதுங்க?" என்று கேட்டு வைப்பாள். பதில் வந்ததா என்று பார்க்க அவளுக்குத் தெரியாது. டிங் டிங் என்று சத்தம் போட்டு அம்மாவைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று வினோஜன் ஆரம்பத்திலேயே அதையெல்லாம் அடைத்துவிட்டிருந்தான்.

ஹோட்டலில் கூட வேலை செய்கிறவர்கள் இதைக் கண்டுபிடித்து அவனைக் கேலி செய்தபோதுதான் விஷயம் வினோஜனுக்கே தெரிந்தது. வெட்கத்தோடு போன் எடுத்தான்.

"அம்மா, அந்தாளுக்குப் பின்னால எத்தன கோடிப் பேரு இருக்காங்க தெரியுமா? நம்ம நாட்டுச் சனம் மாதிரி இருவது முப்பது மடங்கு. நீங்க கேக்குறத அவரு படிப்பாருன்னா நெனைக்கிறீங்க?"

"அவ்ளோ பேரு இருந்தும் ஒருத்தராச்சும் சாப்டியான்னு கேட்டாங்களாடா? எல்லாம் நெருப்புப் படத்தையும் இருதயப் படத்தையுந்தான் போட்டு வச்சிருக்குதுங்க."

வினோஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னமோ பண்ணுங்க" என்று வைத்துவிட்டான்.

ஆடி மாதம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் கொழுந்தை நிறுக்கத் தலையில் கட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும்போது, காட்டாற்றுத் தண்ணி மாதிரி வழிந்துகொண்டிருந்த பாதையில் அம்மாக்கண்ணுவுக்குக் கால் வழுக்கியது. விழுந்த இடம் கல். எழுந்திருக்கப் பார்த்தாள், வலது கால் ஒத்துழைக்கவில்லை. கூட இறங்கியவர்கள் தூக்கி வந்து லொறியில் ஏற்றினார்கள். கணுக்கால் முறிந்திருந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். இடுப்பில் செருகியிருந்த போன் தண்ணியில் ஊறிச் செத்துப்போயிருந்தது.

வினோஜன் ஓடிவந்தான். லீவு கிடைத்த நாட்கள் வரைக்கும் பக்கத்திலேயே இருந்தான். கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அன்னம்மாவிடம், "கொஞ்சம் பாத்துக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டு, போனைத் திருத்தக் கையோடு கொண்டுபோனான். அன்னம்மாவும் நல்ல மனசுக்காரிதான். ஆனால் விடிந்தால் அவளும் வேலைக்குப் போயாக வேண்டும். காலையில் தண்ணியும் சோறும் வைத்துவிட்டுப் போவாள். பிறகு லயமே காலியாகிவிடும். கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம்தான். காலைப் பெட்டியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி அம்மாக்கண்ணு உட்கார்ந்திருப்பாள். பேசுவதற்கு அந்தப் பந்துக்காரத் தம்பிகூட இல்லாமல் போனது அவளுக்கு ஒரு குறையாகவே இருந்தது.

அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பிறகு வினோஜன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். போன் உயிரோடு வந்திருந்தது. வந்தவன் சட்டைகூட மாற்றாமல் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என்னடா? போன் சரியாவலயா?"

"சரியாயிருச்சும்மா. கடையிலயே போட்டுப் பாத்தேன். நீங்களே பாருங்க."

சென்னை நடிகையின் படம் ஒன்றைத் திறந்தான். அதன் கீழே வரிசையாக வந்த எழுத்துகளை அவனே வாசித்துக் காட்டினான்.

"'பூண்டுலோயா அம்மாவ ரெண்டு வாரமா காணோமே, யாருக்காவது தெரியுமா?' இவரு திருநெல்வேலியில படிக்கிற பையன். 'நானும் அவங்களத்தான் தேடுறேன். அவங்க சாப்டியான்னு கேட்டாத்தான் எனக்குக் காலையில விடிஞ்ச மாதிரி.' இவரு பினாங்குல லொறி ஓட்டுறவரு. 'அம்மாவுக்கு ஒண்ணும் ஆயிருக்கக் கூடாது முருகா.' இது யாரோ ஒரு டீச்சர்…"

"என்னயா கேக்குறாங்க?"

"ஒங்களத்தாம்மா. நீங்க எழுதுறத அந்த நடிகை படிச்சாங்களோ என்னமோ, கீழ இருக்கிற சனமெல்லாம் படிச்சிருக்கு. தெனமும் லைக் போட்டு ஒங்க பேச்ச மேல தூக்கி வச்சிருக்காங்க. எனக்கே தெரியாது."

பந்தாட்டக்காரரின் பக்கத்திலும் ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, போன் மொழிபெயர்த்துக் கொடுத்த கோணல் தமிழில், 'சாப்பாடு கேட்கும் தாய் எங்கே சென்றது' என்று எழுதியிருந்தார். சப்பாத்துக் கம்பெனி பக்கத்தில் அவளுடைய பழைய கேள்வி ஒன்றுக்குக் கீழே கம்பெனியின் பேரிலேயே ஒரு பதில் கிடந்தது. 'வியாபாரம் நல்லாப் போகுதும்மா. இந்தப் பக்கத்தைப் பாத்துக்கிறவங்கள்ல நானும் ஒருத்தி, ஊரு கும்பகோணம். தமிழ்ல ஒருத்தர் விசாரிச்சதப் பாத்துட்டு அன்னிக்கெல்லாம் எனக்குச் சந்தோஷம்.'

அம்மாக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் முன்னால் அழுது பழக்கமில்லாதவள். "இவ்ளோ பேரையும் காக்க வச்சிட்டேனேடா" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கே மைக்கை அமுக்கி, கால் உடைந்ததையும் போன் நனைந்ததையும் சொன்னாள். அதற்கு வந்த பதில்களை வாசித்து முடிக்க முடியவில்லை. ஆனால் தனியாக, அவளுக்கு மட்டும் வந்த ஒரு செய்தி அதற்கு முன்பே காத்துக்கிடந்தது. வினோஜன் அதைத் தான் வாசிக்காமல் அம்மாவின் கையிலேயே கொடுத்தான். எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படித்தாள்.

'அம்மா, நான் ஷாமிலா. கினிகத்தேனப் பக்கம். குவைத்துல வீட்டு வேலைக்கு வந்திருக்கேன். வீட்டுக்காரங்க நல்லவங்கதான், நேரத்துக்குச் சாப்பாடு குடுத்துருவாங்க. ஆனா சாப்டியான்னு எங்க அம்மா போனதுக்கப்புறம் என்னய யாரும் கேட்டதில்ல. நீங்க அந்த நடிகையத்தான் கேப்பீங்க. எனக்குத் தெரியும். நான் இங்க குசினியில அடுப்புகிட்ட நின்னுக்கிட்டு, சாப்டேம்மான்னு சொல்லிக்குவேன். நீங்க பேசுறது எங்க ஊர்ப் பேச்சு. உங்களுக்கு என்ன ஆச்சு? எந்தத் தோட்டம்னு சொல்லுங்க. எங்க அக்காவ அனுப்புறேன்.'

அம்மாக்கண்ணு படித்து முடிக்கிற வரைக்கும் வினோஜன் அடுப்படியில் எதையோ தேடுகிற மாதிரி நின்றிருந்தான்.

"ஒனக்குத் தெரியுமாடா, இந்தப் புள்ள யாருன்னு?"

"தெரியாதும்மா."

"எனக்கும் தெரியாது. பதில் எழுது. தோட்டத்துப் பேரச் சொல்லு. ஆனா அக்காவ எல்லாம் அனுப்ப வேணாம்னு சொல்லு. மழையில எதுக்கு அலைய."

பதில் போனது. ஆனாலும் அந்த வாரமே ஷாமிலாவின் அக்கா கௌசி பஸ் மாறி மாறி வந்து சேர்ந்துவிட்டாள். தோட்டத்து முச்சக்கர வண்டிக்காரர் லயத்துக்குக் கீழே இறக்கிவிட்டுப் போக, குடையும் துணிப்பையும் ஒரு தூக்குச் சட்டியுமாக ஏறி வந்து வாசலில் நின்றாள்.

"அம்மாக்கண்ணும்மா நீங்கதானுங்களே? நான் ஷாமிலாவோட அக்கா. வராதன்னு சொன்னீங்களாமே. அவ கேக்கல, என்னயும் கேக்க விடல."

தூக்குச் சட்டியில் கருவாட்டுக் குழம்பு இருந்தது. சோறு வடித்து அவளே பரிமாறினாள். சுடுதண்ணி வைத்து அம்மாக்கண்ணுவின் தலையைக் கழுவிவிட்டாள். விழுந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் தலையில் நல்ல தண்ணி பட்டது. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது அம்மாக்கண்ணு திரும்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, எதுக்கு ஒனக்கு இந்தப் பாடு? நான் ஒங்களுக்கு என்னா செஞ்சேன்?"

"எனக்கு ஒண்ணும் செய்யல. அவளுக்குத்தான் செஞ்சீங்க. அங்க போன புதுசுல தெனமும் அழுதுக்கிட்டுத்தான் பேசுவா. திரும்பி வந்துர்றேன்னே சொல்லிக்கிட்டிருந்தா. அப்பறம் ஒரு நா, 'அக்கா, ஒரு அம்மா இருக்காங்க, கேளேன்'னு சிரிச்சிக்கிட்டுச் சொன்னா. அவ சிரிச்சத நாங்க அன்னைக்குத்தான் கேட்டோம்."

கௌசி அந்தத் தடவை மூன்று நாள் தங்கினாள். அதற்குப் பிறகும் கட்டுப் பிரிக்கும் வரைக்கும் இடையிடையே வந்து போனாள். வந்தால் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்துகொள்வார்கள். விசாரித்தவர்களின் பேர்களைக் கௌசி வாசிப்பாள். அம்மாக்கண்ணு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மைக்கில் பேசுவாள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே நன்றியாகப் போட்டுவிடலாம் என்று கௌசி சொல்லிப் பார்த்தாள்.

"அது எப்படிம்மா? தனித்தனியாத்தானே கேட்டாங்க" என்று அம்மாக்கண்ணு ஒத்துக்கொள்ளவில்லை.

பினாங்கு லொறிக்காரருக்கு, "வண்டிய மெதுவா ஓட்டுங்க தம்பி" என்றாள். திருநெல்வேலிப் பையனுக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டாள். கும்பகோணத்துப் பெண்ணுக்கு மட்டும் நீளமாகப் பேசினாள். அந்தப் பெரிய கம்பெனிக்குள்ளே இருந்து ஒரு பிள்ளை தன்னைப் பார்த்துப் பதில் சொன்னதை அவளால் இன்னமும் நம்ப முடியவில்லை. அப்படிப் பேசிக்கொண்டே வந்ததில், படம் போட்டவர்களைவிடப் படத்துக்குக் கீழே நிற்கிறவர்கள்தான் அவளுக்கு அதிகம் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். ஷாமிலாவோடு வெள்ளிக்கிழமைகளில் வீடியோவிலேயே பேசிக்கொண்டார்கள். முதல் தடவை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். கௌசிதான் இடையில் புகுந்து பேச்சைத் தொடங்கி வைக்க வேண்டியிருந்தது.

கால் ஆறியது. கொஞ்ச நாள் கொழுந்து மலைக்கு அனுப்பாமல் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அவளை, கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்தில் சின்ன வேலைக்குப் போட்டார். பிறகு பழையபடி கூடையைக் கட்டிக்கொண்டாள். பாதை ஈரமாக இருந்தால் மட்டும் முன்னால் போகிறவள் தோளைப் பிடித்துக்கொள்வாள்.

சித்திரைக்கு ஷாமிலா லீவில் வந்தாள். வந்த மறுநாளே போன் போட்டு அழைத்துவிட்டாள். வினோஜனும் வருஷப் பிறப்புக்கு வந்திருந்தான். இரண்டு பேரும் கினிகத்தேனைக்குப் பஸ் ஏறினார்கள். அம்மாக்கண்ணு தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு, நல்ல தேயிலைத் தூளாக ஒரு பொட்டலமும் வீட்டில் சுட்ட பலகாரமும் எடுத்துக்கொண்டாள்.

கடை வீதியில் இறங்கும்போதே ஷாமிலா ரோட்டோரத்தில் நின்றிருந்தாள். திரையில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். ஓடிவந்து கட்டிக்கொண்டவள் விடவே இல்லை. பஸ்ஸுக்கு நின்ற சிங்களப் பெண் ஒருத்தி, "அம்மாத?" என்று கேட்டாள். ஷாமிலா, "ஓவ், அம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கட்டிக்கொண்டாள். அம்மாக்கண்ணு அதைத் திருத்தவில்லை. அந்தச் சொல்லைக் கொடுத்த கடவுளுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

வீட்டுக்குப் போனால் அங்கே அக்கம் பக்கத்தார் கூடியிருந்தார்கள். குவைத்திலிருந்து வந்தவளைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றுதான் அம்மாக்கண்ணு நினைத்தாள். ஆனால் எல்லாக் கண்களும் அவள்மேல் இருந்தன.

"இவங்கதானா அது?" என்றாள் பக்கத்து வீட்டுப் பிரேமினி. "அம்மா, ஒரு படம் எடுத்துக்கலாங்களா?"

அம்மாக்கண்ணு கூச்சத்தோடு வினோஜனைப் பார்த்தாள். ஒரு காலத்தில் வெட்கப்பட்டவன் இப்போது போனைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரையும் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் ஷாமிலாவும் இன்னொரு பக்கம் கௌசியும் வந்து நின்றார்கள். அம்மாக்கண்ணு சேலையைச் சரிசெய்தாள். பிறகு கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, வலது காலை முன்னால் எடுத்து வைத்தாள்.

"காலு தெரியிற மாதிரி எடுப்பா. விசாரிச்சவங்க எல்லாரும் பாக்கணும்ல."